மதிப்பெண் பட்டியல் யாருக்காக?

பருவத் தேர்வு முடிவு வெளியான மறுவாரமே நம் கல்லூரிகளில் ஒரு சடங்கு நிகழ்கிறது. துறைவாரியாகத் தேர்ச்சி விழுக்காடு கணக்கிடப்படும். குறைந்த துறையிடம் விளக்கம் கோரப்படும். 'சிறப்பு வகுப்புகள் நடத்தப்படும்' என்று பதில் எழுதப்படும். எதில் சிறப்பு வகுப்பு என்று எவரும் கேட்பதில்லை.

கேட்டாலும் விடை கிடைக்காது. பல்கலைக்கழகத்திலிருந்து நமக்கு வருவது தாளுக்கு ஓர் எண் மட்டுமே. பகுதி ஒன்று தமிழில் 75க்கு 28 பெற்ற இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவன் மனப்பாடக் கட்டுரைகளைக் கொட்டிவிட்டு யாப்பிலக்கணத்தைத் தொடாமலே விட்டவன். மற்றவள் செய்யுளின் பொருளை நன்குணர்ந்தும் நான்கு வாக்கியங்களைக் கோவையாக எழுத வராதவள். அவனுக்கு அசை பிரிக்கப் பழக்க வேண்டும். அவளுக்கு உரைநடை எழுதப் பழக்க வேண்டும். பட்டியலில் இருவரும் 28தான். இருவரையும் ஒரே அறையில் அமர்த்திப் பழைய வினாத்தாளை எழுத வைப்பதற்குப் பெயர்தான் சிறப்பு வகுப்பு.

விவரம் இல்லாமல் இல்லை. திருத்துபவர் வினாவாரியாகவே மதிப்பெண் இடுகிறார். விடைத்தாளின் முகப்பில் அதற்கென்றே கட்டங்கள் உள்ளன. கூட்டுத்தொகை கணினியில் ஏறியதும் அக்கட்டங்கள் கிடங்குக்குப் போய், பின்னர் பழைய காகிதமாகின்றன. திரையில் திருத்தும் முறை வந்த இடங்களிலோ அவை கணினியிலேயே பதிவாகின்றன. துறைக்கு அனுப்ப ஒரு கோப்பு போதும். திருத்திய விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர் கேட்டுப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. பாடம் நடத்தியவர் மட்டும் இருட்டில் நிற்க வேண்டுமா?

ரகசியம் என்பார்கள். பதிவெண்ணைத் தட்டினால் மொத்த மதிப்பெண் இணையத்தில் தெரியும் காலத்தில், அதன் பகுப்பில் மட்டும் என்ன ரகசியம்?

பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி எனப் பகுத்தார். (இன்று ஒரு பிள்ளையை எருமை என்று பதிவேட்டில் எழுதினால் பெற்றோர் சும்மா விடமாட்டார்கள்.) ஆயினும் ஒருவன் எதைக் கொள்கிறான், எதை நழுவவிடுகிறான் என்பதே அவரது அளவுகோல். நெய்யரி நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். நமது பதிவேடு செய்வதும் அதுவே.

தர மதிப்பீட்டுக் குழு வரும்போது மட்டும் 'கற்றல் அடைவு' தசமப் புள்ளி வரை கணக்கிடப்படுகிறது, அதுவும் பெரும்பாலும் எல்லோருக்கும் தாராளமாக வழங்கப்பட்ட அகமதிப்பீட்டு மதிப்பெண்ணிலிருந்து!

அடுத்த பருவம் தொடங்குமுன் வினாவாரி மதிப்பெண் துறைக்கு வந்தாக வேண்டும். பாடத்திட்டக் குழுக்களில் நம்மவர் பலர் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். வரும் கூட்டத்திலேயே இதை எழுத்து மூலம் கேட்கட்டும்.