குப்பைமேனி: பூசுவது வேறு, குடிப்பது வேறு

வளவைக் கூட்டும்போது களையென்று பிடுங்கி எறிகிறோமே, அவற்றுள் மருந்துச் செடிகள் எத்தனை! கிணற்றடியில் வல்லாரை, வேலியில் முசுமுசுக்கை, மதிலோரத்தில் கீழ்க்காய்நெல்லி. இவற்றோடு கேளாமலே முளைத்து நிற்பது குப்பைமேனி. இலையின் விளிம்பு பல்லுப் பல்லாக இருக்கும். பூக்கள் பச்சைக் கதிராக நிமிர்ந்து நிற்கும். வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை தேடி வந்து புரளும். அதனால் பூனைவணங்கி என்றும் இதற்குப் பெயர்.

இலையைக் கல்லுப்புடன் அம்மியில் அரைத்து, சொறி சிரங்குக்குப் பூசிச் சற்று நேரத்தின் பின் குளிப்பாட்டுவது நம் உம்மம்மாமார் கண்ட கைமருந்து. எரிவு கண்டால் உடனே கழுவிவிடுங்கள். கண்ணில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சளிக்கென்றும் பூச்சிக்கென்றும் சாறு பிழிந்து கொடுப்பதிலும், இலைக்கஞ்சியில் சேர்ப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே ஜீ6பீடி என்னும் நொதியம் குறைவாக இருக்கும். ஆண்பிள்ளைகளுக்கு இக்குறை தாய்வழியாக வருவது. ஆண்பிள்ளைகளையே அதிகம் பாதிக்கும். மற்ற நாட்களில் அவர்கள் நல்ல சுகத்துடன்தான் இருப்பார்கள். குப்பைமேனி உள்ளே போனால் அவர்களின் இரத்தத்திலுள்ள செங்குழியங்கள் உடைந்துவிடலாம். குப்பைமேனி சேர்ந்த இலைக்கஞ்சி குடித்து இவ்வாறு நோயுற்றவர்களைப் பற்றி நம் நாட்டு வைத்தியர்கள் 1996 ஆம் ஆண்டிலேயே வைத்திய சஞ்சிகையில் எழுதியுள்ளார்கள்.

அடையாளம் என்ன? சிறுநீர் கடும் பிளேன்டி நிறமாகும். முகம் வெளிறும். களைப்பும் மூச்சு வாங்கலும் வரும். கண் மஞ்சளாகும். இங்கேதான் கவனம் வேண்டும். கண் மஞ்சளைக் கண்டதும் செங்கமாரி என்று எண்ணி, கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்து நாளைக் கடத்திவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டொக்டர் ஏசுவார் என்று பயந்து கொடுத்த மருந்தை மறைக்க வேண்டாம். அந்தச் செடியில் ஒரு கொப்பை முறித்துக் கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது.

இந்தக் குறை இருக்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனையில் அறியலாம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால், மற்றப் பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

காலைக் கஞ்சிக்கு வல்லாரையும் முசுமுசுக்கையும் போதும். இலை ஆயும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால், அடுப்பில் ஏற்றுமுன் குப்பைமேனி கலந்திருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை கிளறிப் பாருங்கள்.