வவ்வாலுக்கு எந்தச் சக்கரம்?

போன வாரம் சாயங்காலம், தமிழக-கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடிக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு பெரியவர் தம்ளரை வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "எல்லாச் சீக்கும் கேரளாவுல இருந்துதானுங்க வருது. வண்டிச் சக்கரத்துக்கு இங்கயே மருந்தடிச்சா நின்னு போயிரும்." கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அதே நேரம் கேரளத்து முதலமடை மாந்தோப்புப் பக்கமிருந்து பழந்தின்னி வவ்வால்கள் எங்கள் தலைக்கு மேலே பொள்ளாச்சிக்குப் போய்க்கொண்டிருந்தன. அண்ணா, அதுக்கு எந்தச் சக்கரத்துல மருந்தடிக்கிறது?

2018-ல் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் வவ்வாலிடமிருந்து பரவும் நிபா வைரஸ் 17 பேரைக் கொன்றது. நோயாளியைப் பார்த்துக்கொண்ட செவிலியர் லினியும் போனார். 2025-ல் பாலக்காடு மாவட்டத்திலேயே நிபா தலைகாட்டியது. உடனே நம்மவர்களுக்கு எல்லைப் பாசம் பொங்கிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டு வவ்வால்களிடமும் நிபா தொற்றிய தடயத்தைப் புனே வைரஸ் ஆய்வு நிறுவனத்தார் கண்டிருக்கிறார்கள். அந்த வவ்வால்கள் எந்தச் சாவடியில் ரசீது வாங்கினவோ!

நிபா என்ற பேரே மலேசியாவில் ஒரு கிராமத்துப் பேர். 1998-99-ல் அங்கே பன்றிப்பட்டிகளை ஒட்டி மாமரங்கள் நின்றன. வவ்வால் கடித்துப் போட்ட பழம் பட்டியில் விழுந்தது, பன்றி தின்றது, பன்றி வளர்த்தவன் படுத்தான். நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள்; ஏறக்குறைய 10 லட்சம் பன்றிகளை அழித்தார்கள். அங்கேயும் முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நம்பிக் கொசுவுக்குத்தான் மருந்தடித்தார்கள். மருந்தடிப்பதில் நாம் தனியாள் இல்லை என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

வங்கதேசத்தில் நிபா, வவ்வால் வாய்வைத்த பச்சை ஈச்சம்பதநீர் வழியாகப் பரவியது. அதைக் கண்டுபிடித்ததால் நாம் இன்று பானைக்கு மூடி போடச் சொல்கிறோம். 2018-ல் கேரளத்துக்கு எதிர்ப்பு மருந்து வந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து. உலக சுகாதார நிறுவனம், உணவு வேளாண் அமைப்பு, உலக விலங்கு சுகாதார அமைப்பு, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் நான்கும் 'ஒரே நலம்' என்று ஒன்றாக உட்காருகின்றன. மனிதன், மாடு, காடு மூன்றுக்கும் ஒரே வைத்தியம் என்பதுதான் அதன் சாரம். ஜெனீவாக்காரனுக்கும் மலேசியாக்காரனுக்கும் புரிந்தது, பாலக்காட்டுச் சித்தூர் மாட்டு டாக்டரும் பொள்ளாச்சி மாட்டு டாக்டரும் ஒரு போனில் பேசிக்கொண்டால் தீருவது, நமக்கு மட்டும் சக்கரத்தில் நிற்கிறது.

இதைச் சொன்னால், "கேரளாக்காரன் ஆஸ்பத்திரிக் குப்பையை லாரியில் கொண்டுவந்து கொட்டுறானே" என்பார்கள். கொட்டுகிறான்தான். 2024-ல் திருநெல்வேலியில் கொட்டியதைப் பசுமைத் தீர்ப்பாயம் திருப்பி அள்ள வைத்தது. லாரிக்கு நம்பர் பிளேட் உண்டு, அதனால் பிடித்தார்கள். சரி, அந்தக் குப்பைக்கு இந்தப் பக்கம் இடம் காட்டியவன் யார்? சீட்டே இல்லாமல் மாட்டுக்கும் கோழிக்கும் ஆன்டிபயாடிக் வாங்கி ஊற்றுகிறோமே, அதனால் மருந்துக்கு அடங்காமல் போகும் கிருமி எந்தச் சாவடி தாண்டி வந்தது?

மருந்தடிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அடிக்கும்போது பம்பைக் கொஞ்சம் அண்ணாந்து பிடியுங்கள், அவ்வளவுதான். இருட்டுகிற நேரம், மேலே கூட்டம் போய்க்கொண்டிருக்கிறது.