வண்டியின் வயதா, புகையா?

டில்லியில் பழைய மோட்டார் வண்டிகளின் ரிஜிஸ்டிரேஷனைப் பற்றிப் பல வருஷங்களாக நடந்துவரும் வழக்கை, 'அது வடக்கத்தி விவகாரம், நமக்கென்ன?' என்று ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வாசிகள் தள்ளிவிடலாகாது. அங்கே வீசப்படும் ஆயுதம் நமது வேலூர்ப் பிரதேசத்தின் பெயரால் வார்க்கப்பட்டது என்பதை அநேகர் மறந்துவிட்டனர்.

தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றைப் பாழாக்கியதை முன்னிட்டு, வேலூர் பிரஜைகள் நலச் சங்கத்தார் 1991-ல் சுப்ரீம் கோர்ட்டை அணுகினார்கள். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்று அவ்வழக்கில் எடுத்துக் காட்டப்பட்டது. 1996 ஆகஸ்டு 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் தீர்ப்பு வெளியாயிற்று. தீங்கு வருமுன் காக்க வேண்டும். கெடுத்தவனே அதற்குரிய கிரயத்தைக் கொடுக்க வேண்டும். இவ்விரண்டும் இந்நாட்டின் சட்டமே என்று அத்தீர்ப்பு முழங்கிற்று. 2010-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை ஏற்படுத்திய சட்டமும் இவ்விரண்டு கொள்கைகளையும் அனுசரித்தே தீர வேண்டும் என்று விதித்தது.

அந்தத் தீர்ப்பாயந்தான் டில்லியிலும் அதைச் சூழ்ந்த பிரதேசத்திலும் 10 வயது கடந்த டீஸல் வண்டிகளும் 15 வயது கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாது என்று ஆக்ஞை செய்தது. 2018-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஊர்ஜிதம் செய்தது. 2025 ஜூலை முதல் தேதி அத்தகைய வண்டிகளுக்குப் பெட்ரோலும் டீஸலும் கொடுப்பதையே நிறுத்தப் புறப்பட்டார்கள். ஜனங்களின் கூச்சல் கிளம்பவே, டில்லி ஸர்க்காரே கோர்ட்டுக்கு ஓடிற்று. வயது ஒன்றையே காரணமாகக் கொண்டு சொந்தக்காரர்கள்மீது கடும் நடவடிக்கை கூடாதென்று ஆகஸ்டு 12-ல் உத்தரவாயிற்று. டிஸம்பர் 17-ல் அந்தப் பாதுகாப்பு, புகை விஷயத்தில் 'பாரத் ஸ்டேஜ் நான்கு' என்ற தரத்தையும் அதற்கு மேற்பட்ட தரங்களையும் சேர்ந்த வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது.

இதில் நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லுகிறோம். தன் காரியத்தால் தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அக்காரியத்தைச் செய்பவனுடையது என்றே வேலூர்த் தீர்ப்பு கூறுகிறது. வாஸ்தவம். ஆனால் நிரூபிக்க வேண்டும் என்றால், நிரூபிக்க ஒரு சந்தர்ப்பமும் கொடுக்கத்தானே வேண்டும்? 1996-ல் தொழிற்சாலை முதலாளிகளுக்கு அச்சந்தர்ப்பம் கிடைத்தது. ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்த அதே கோர்ட், நவம்பர் 30 வரை தவணை கொடுத்து, சுத்திகரிப்புக்கு ஏற்பாடு செய்து உரிய சம்மதம் பெற்றவர்கள் தொழிலை நடத்தலாம், பெறாதவர்கள் மூடவேண்டும் என்றது. ஆற்றையே கெடுத்தவனுக்குப் பரீக்ஷை உண்டு. ஒழுங்காகப் பேணிய பழைய வண்டியின் சொந்தக்காரனுக்குப் பஞ்சாங்கம் மட்டுமா? இது எந்த ஊர் நியாயம்?

நாம் புகைக்கு வக்காலத்து வாங்கவில்லை. 'பிழைப்புக் கெடுமே' என்ற ஒரே சாக்கினால் பாலாறு என்ன கதியடைந்தது என்பதைக் கண்ணாரக் கண்டவர்கள் நாம். 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் அதே தோல் கழிவைப் பற்றி மறுபடியும் தீர்ப்பளிக்க நேர்ந்ததே நமக்கு வெட்கக்கேடு. புகை கக்கும் வண்டி புதியதானாலும் நிற்கட்டும். கக்காத வண்டி பழையதானாலும் ஓடட்டும் என்பதே நமது கட்சி.

நமது ஜில்லாக்களில் டில்லியைப்போல் வயதுத் தடை இல்லை. ஆயினும் தலைவாசல் வழியாக வராதது கொல்லை வழியாக வருகிறது. சொந்த உபயோக வண்டிகளின் ரிஜிஸ்டிரேஷனை 15 வருஷத்துக்குப்பின் புதுப்பிக்கச் சட்டம் இடந்தருகிறது. ஆனால் 20 வருஷம் கடந்த மோட்டார் ஸைக்கிளுக்கு 2,000 ரூபாய், காருக்கு 10,000 ரூபாய் என்று 2025 ஆகஸ்டில் மத்திய ஸர்க்கார் கட்டணத்தை உயர்த்திவிட்டது. செருப்புத் தொழிற்சாலைக்குப் பழைய மோட்டார் ஸைக்கிளில் போய்வரும் தொழிலாளிக்கு இது கட்டணமா, தண்டனையா? தகுதிச் சான்று பெறத் தாமதித்தால் நாளொன்றுக்கு 50 ரூபாய் என்று முன்பு விதித்தபோது, சென்னை ஆட்டோ ஓட்டுநர்கள் ஹைகோர்ட்டுக்குச் சென்றார்கள். 2017-ல் ஹைகோர்ட் அதை ரத்து செய்தது. கட்டணம் வசூலிக்கும் அதிகாரம் வேறு, தண்டிக்கும் அதிகாரம் வேறு என்ற பாடத்தை ஸர்க்கார் அதற்குள் மறந்துவிட்டதா?

வண்டிகளுக்கு ஆயுளை நிர்ணயிக்க 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 59-வது பிரிவு மத்திய ஸர்க்காருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. வயதுதான் முக்கியம் என்று கருதினால், அப்பிரிவின்கீழ்ப் பகிரங்கமாக அறிவித்து, ஆக்ஷேபங்களைக் கேட்டு, காரணங்களைச் சொல்லிச் செய்யட்டும். இல்லையேல் ஒவ்வொரு தாலூகாவிலும் கைக்கூலிக்கு இடமில்லாத பரிசோதனை நிலையம் அமைத்துப் புகையை அளக்கட்டும்.

வண்டிக்காரர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பரிசோதனைக்கு அஞ்சி ஒளிகிறவன் கோர்ட்டில் நியாயம் கேட்க முடியாது. முதலில் உங்கள் வண்டிகளின் புகையை அடக்குங்கள். பிறகு நிமிர்ந்து நின்று வழக்காடுங்கள். கெடுத்தவன் கொடுக்கட்டும் என்பது வேலூர் தேசத்துக்கு அளித்த நீதி. கெடுக்காதவனும் கொடுக்கட்டும் என்று அதைத் திரித்துவிட நாம் விடலாகாது.