புழல்னா ஜெயில் மட்டும்தானா? செல்போன் வரைபட விளையாட்டு வடசென்னைக்கு உதவுமா?

புழல் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஜெயில். சென்ட்ரல் அருகே இருந்த மத்திய சிறை 2006இல் இங்கே இடம் மாறியதிலிருந்து சினிமா வசனத்திலும் அப்படித்தான். வெளிநாட்டினருக்குத் தெரிந்த புழல் வேறு. 2018 ஜூன் 15இல் தண்ணீரோடும், 2019 ஏப்ரல் 6இல் வறண்டும் தெரிந்த ஏரியின் செயற்கைக்கோள் படங்கள் உலக ஊடகங்களில் வலம் வந்தன. இரண்டுமே ஊருக்கு ஆள் வரவைக்கும் விளம்பரம் அல்ல.

கெட்ட பெயரை வரைபடத்தை வைத்தே மாற்றப் பார்த்த ஊர்கள் உண்டு. 2011 சுனாமியில் சிதைந்த ஜப்பானிய மீன்பிடி நகரம் இஷினோமாக்கி. 2016 நவம்பரில் மியாகி மாகாண அரசு, 'போக்கிமான் கோ' விளையாட்டை உருவாக்கிய நியான்டிக் நிறுவனத்துடன் கைகோத்தது. செல்போனில் ஜிபிஎஸ் காட்டும் இடத்துக்கு நடந்துபோய்ப் பொம்மை உயிரினங்களைப் பிடிப்பதுதான் ஆட்டம். எளிதில் சிக்காத 'லாப்ரஸ்' நவம்பர் 11 முதல் 23 வரை அந்தக் கடலோரத்தில் அதிகம் தென்படும் என்று அறிவித்தார்கள். அதைப் பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு வேண்டும், தங்க இடம் வேண்டும். ஊருக்கு அதுதானே தேவை!

இந்தியாவுக்கு இந்த விளையாட்டு 2016 டிசம்பரில் ஜியோ கூட்டணியில் வந்தது. இங்கே ஆட்டப் புள்ளிகளாகச் சேர்க்கப்பட்டவை ரிலையன்ஸ் கடைகள். அங்கே ஊருக்குக் கூட்டம்; இங்கே கடைக்குக் கூட்டம்.

சரி, வடசென்னையில் காட்ட என்ன இருக்கிறது? 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம், திருவொற்றியூர் தியாகராஜர் கோயில், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், புழல் ஏரி. சரக்குக்குப் பஞ்சமில்லை. சிக்கல், புள்ளி வைப்பவர் யார் என்பதில். போக்கிமான் புள்ளிகளில் பெரும்பகுதி 'இன்கிரெஸ்' என்ற முந்தைய விளையாட்டின் ஆட்டக்காரர்கள் பரிந்துரைத்த இடங்கள். அவர்கள் அதிகம் இருந்த பகுதியில் புள்ளியும் அதிகம். கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் புள்ளிகள் குறைவு என்று அமெரிக்காவின் அர்பன் இன்ஸ்டிட்யூட் 2016இலேயே கணக்கெடுத்துச் சொன்னது.

இன்னொரு பயம், சாலை. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் எண்ணூர் விரைவுச் சாலையில் போனைப் பார்த்தபடி நடப்பது விளையாட்டு இல்லீங்க. புள்ளி வைக்கும் முன் நடைபாதை இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

இந்தப் பகுதி மீனவர்களுக்கு வரைபடம் என்றாலே ஒரு கசப்பும் உண்டு. 1996இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர வரைபடத்தில் இருந்த எண்ணூர் கழிமுகம், பிறகு அதிகாரிகள் காட்டிய வரைபடத்தில் இல்லை என்பது அவர்களின் குற்றச்சாட்டு. 2017இல் அதற்காகப் போராடினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்தபோது வலையும் படகும் நாசமானதும் அதே கழிமுகத்தில்தான். கழிமுகத்தையே விட்டுவிட்டு, கோயிலையும் ஸ்டேஷனையும் மட்டும் புள்ளியாக்கினால் அவர்கள் எப்படி நம்புவார்கள்?

போக்கிமான் கோவில் புதிய புள்ளிக்கு அரசாணை தேவையில்லை. குறிப்பிட்ட நிலையை எட்டிய ஆட்டக்காரர் போட்டோவும் விளக்கமும் அனுப்பலாம். வீடும் பள்ளிக்கூடமும் ஏற்கப்படாது. பாதுகாப்பாக நடந்துபோக முடிகிற இடமாகவும் இருக்க வேண்டும். எர்ணாவூர் பையன் ஒருவன் தன் போனிலிருந்தே தொடங்கலாம்.