மைக்கை வாத்தியார் கையில் கொடுங்கள்!

சனிக்கிழமை வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வாத்தியார்களுக்கு? சில சனிக்கிழமைகளில் அவர்களுக்கு லீவு கிடையாது. குறுவள மையக் கூட்டம்! பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியர்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூடி உட்காருகிறார்கள். ஒருவர் வருகிறார். கல்வியில் இன்றைய பிரச்சினைகள் பற்றிப் பேசுகிறார். கையெழுத்து, போட்டோ, டீ. கூட்டம் கலைகிறது.

"வாத்தியாருக்கே பாடமா?" என்று கடைக்காரர் சிரிக்கலாம். ஏன், புது வண்டி வந்தால் மெக்கானிக் பழகிக்கொள்வதில்லையா? 1964-66-ல் கூடிய கோத்தாரி கமிஷனே, 5 வருஷ சர்வீசுக்கு 2, 3 மாதமாவது ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, வருஷத்துக்கு 50 மணி நேரம் என்கிறது. பயிற்சி வேண்டும், அதில் தகராறு இல்லை. அங்கே என்ன பேசுகிறார்கள்? தகராறே அதில்தான்.

'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைப் பாருங்கள். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்து எழுத்தை மறந்துபோன சிறுசுகளுக்காக 2022-ல் வந்தது. முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று தரமாகப் பிரிக்க வேண்டும். பெயர் என்னவோ அழகுதான். ஆனால் சின்னப் பள்ளிகளில் ஒரே டீச்சர், ஒரே அறை, மூன்று வகுப்பு, மூன்று தரம்! அரும்புக்கு 'அ' எழுதிக் காட்டும்போது மொட்டும் மலரும் என்ன செய்யும்? சண்டைதான் போடும்.

இதற்கு வழி சொன்னால் டீச்சர் நோட்டைத் திறப்பார். அதை விட்டுவிட்டு 'இருபத்தோராம் நூற்றாண்டுத் திறன்கள்' என்று திரையில் படம் ஓட்டினால், அவர் வாட்சைத்தான் பார்ப்பார். பாவம், பஸ் பிடிக்க வேண்டாமா?

வேடிக்கை என்னவென்றால், வழி தெரிந்தவர் அதே ஹாலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மூன்று வகுப்பையும் ஒண்டியாக வருஷக்கணக்கில் கட்டி மேய்த்தவர். அவரை மேடைக்குக் கூப்பிட ஆள் இல்லை!

இப்போது தலைக்கு மேல் கத்தி வேறு. 2025 செப்டம்பர் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்னால் வேலைக்கு வந்து, 8-ம் வகுப்பு வரை பாடம் நடத்தும் ஆசிரியர்களில், ஓய்வுக்கு 5 வருஷத்துக்கு மேல் பாக்கி இருப்பவர்கள் 2 வருஷத்துக்குள் 'டெட்' பாஸ் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ராஜினாமா அல்லது கட்டாய ஓய்வு! 5 வருஷத்துக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் நீடிக்கலாம். ஆனால் டெட் இல்லாமல் பிரமோஷன் கிடையாது. (சிறுபான்மைப் பள்ளிகள் விவகாரம் தனி.) வேலைக்குச் சேர்ந்தபோது இல்லாத பரீட்சை அது. 45, 50 வயதில் 150 கேள்வி! வீட்டுக் கடன், பெண் கல்யாணம், நடுவில் குழந்தை உளவியல் பாடம். அந்த மனுஷனிடம் 'கற்றலில் மகிழ்ச்சி' என்று ஒருவர் மணிக்கணக்கில் பேசினால் காதில் ஏறுமா?

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஆசிரியர்களிடம் கேள்விகளை எழுதி வாங்கட்டும். பாதி நேரத்தை அதற்கே ஒதுக்கட்டும். டெட் எழுத வேண்டியவர்களுக்கு அங்கேயே பழைய வினாத்தாளை வைத்துச் சொல்லிக் கொடுக்கட்டும். பேச வருகிறவரும், முதல் நாள் ஒரு மணி நேரம் அரும்பு, மொட்டு, மலர் மூன்றையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பாடம் நடத்திப் பார்த்துவிட்டு வரட்டும்!