வயது வரம்பின் மறுபக்கம்

இளையோர் விளையாட்டில் வயது பற்றிய விவாதம் நம் நாட்டில் ஒரே திசையில்தான் நடக்கிறது. 16 வயதுச் சிறுவன் 14 வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஆடிவிட்டான், சான்றிதழ் போலி என்று தெரியவந்தது, பதக்கம் பறிக்கப்பட்டது என்பன போன்ற செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. ஆனால், 12 அல்லது 13 வயதுப் பிள்ளை ஒன்று, ஆள் போதவில்லை என்பதற்காக மூத்தோர் அணியில் சேர்க்கப்பட்டு, தன்னைவிடப் பத்துப் பதினைந்து கிலோ எடை கூடியவர்களோடு மோத விடப்படுவது செய்தியாவதில்லை. முதலாவது மோசடி, தண்டிக்கப்பட வேண்டியது. இரண்டாவது ஆபத்து, தடுக்கப்பட வேண்டியது. நம் விதிகள் முதலாவதை மட்டுமே பார்க்கின்றன.

விளையாட்டில் வயது மோசடியைத் தடுக்க மத்திய அரசு 2010-இல் ஒரு தேசிய நெறிமுறையைக் கொண்டுவந்தது. ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்குப் பின், 2025 மார்ச்சில் அதன் திருத்திய வரைவு வெளியிடப்பட்டது. முதல்முறை பிடிபட்டால் இரண்டாண்டுத் தடை, மறுமுறை பிடிபட்டால் வாழ்நாள் தடையும் காவல் துறை வழக்கும், தாமாக முன்வந்து உண்மையைச் சொல்வோருக்குக் குறுகிய காலப் பொதுமன்னிப்பு ஆகியவை அதன் முக்கிய அம்சங்கள். நோக்கம் சரியானது. ஆனால், இத்தகைய விதி டெல்லியில் எழுதப்படும்போது கல்வராயன் மலையில் எப்படி விளங்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கில் நிற்கிறது கல்வராயன் மலை. மலையாளி பழங்குடியினர் வாழும் இந்த மலையில் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆட்சியே நடந்தது. சமவெளியில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்துவரும் அரசு ஆவணம் என்ற பழக்கம் இங்கே நேற்று வந்தது. 2024-இல் கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, இம்மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே வழக்கு எடுத்து விசாரித்தது. சாலை, மருத்துவம், பள்ளி என அடிப்படை வசதிகளே அங்கே விவாதப் பொருளாயின. இந்த நிலத்தில் ஒரு பிள்ளையின் பிறந்த தேதி எந்த அளவுக்குத் துல்லியமாக இருக்கும்?

பொருளியலாரும் மக்கள்தொகை ஆய்வாளரும் 'வயதுக் குவிப்பு' என்றொரு நிகழ்வைப் பற்றிப் பேசுவார்கள். வயதைச் சரியாக அறியாத சமூகத்தில் கணக்கெடுத்தால் 30, 35, 40 என்று முழு எண்களில் மக்கள் குவிந்திருப்பார்கள். நம் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளில் அதன் உறவினர் ஒருவர் உண்டு. ஐந்து வயது நிறைந்ததாகக் காட்டுவதற்காகத் தலைமையாசிரியர் எழுதிய மே, ஜூன் மாதப் பிறந்தநாள்கள் அவை. என் தலைமுறையில் பாதிப் பேருக்கு அப்படியொரு 'பள்ளிக்கூடப் பிறந்தநாள்' இருந்தது. சமவெளியில் அது மறைந்துகொண்டிருக்கிறது. மலையின் உட்கிராமங்களில் வீட்டுப் பிரசவம் அண்மைக்காலம் வரை நீடித்தது. மிளகுக்கும் காப்பிக்கும் கேரளம், கர்நாடகம் என்று பெற்றோர் வேலை தேடிப் போகும்போது பிள்ளையின் படிப்பும் இடையில் அறுந்து, ஓரிரு ஆண்டுகள் கழித்துத் தொடர்கிறது. எட்டாம் வகுப்பில் இருப்பவர் 13 வயதினராகவும் இருக்கலாம். 16 வயதினராகவும் இருக்கலாம்.

இனி விளையாட்டு விதிக்கு வருவோம். பள்ளி விளையாட்டுப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவுகளாக நடக்கின்றன. இந்தப் பிரிவுகளின் இடைவெளியைக் கவனியுங்கள். 14-ஐத் தாண்டிய மறுநாளே ஒரு சிறுவன், 17 நிறையச் சில நாள்களே உள்ள இளைஞனோடு ஒரே பிரிவில் வந்துவிடுகிறான். உடல் மிக வேகமாக வளரும் மூன்று ஆண்டுகள் அவை. ஓராண்டு வயதைக் குறைத்துக் காட்டியவன் மோசடிக்காரன். மூன்றாண்டு மூத்தவனோடு மோதுபவன் விதிப்படி ஆடுபவன். ஆபத்தை அளவுகோலாகக் கொண்டால் இரண்டாவதே பெரிது. மேலும், 'உட்பட்டோர்' என்ற சொல் மேல் எல்லையை மட்டுமே குறிக்கிறது. கூரை உண்டு, தரை இல்லை.

ஓட்டப்பந்தயத்தில் இளையவர் மூத்தவரோடு ஓடினால் தோற்பார், அவ்வளவுதான். சதுரங்கத்தில் 12 வயதுப் பிள்ளை 40 வயதினரை வெல்வதை நாம் கொண்டாடுகிறோம். உடல் உடலோடு மோதும் ஆட்டங்களின் கணக்கு வேறு. இதை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்ட ஆட்டம் ரக்பி. ஆளைப் பிடித்து வீழ்த்துவதும், இரு அணியின் முன்வரிசையினர் தோளோடு தோள் பூட்டித் தள்ளுவதும் அதன் அடிப்படை. தள்ளலின் முழு விசையும் கழுத்திலும் முதுகெலும்பிலும் இறங்கும். ஆகவே 19 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில் அந்தத் தள்ளலை ஒன்றரை மீட்டருக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று உலக விதியே கட்டுப்படுத்துகிறது. இங்கிலாந்தில் ஒரு பிள்ளை தன் வயதுப் பிரிவுக்கு மேலே ஆட வேண்டுமானால் பெற்றோரின் ஒப்புதலும் பயிற்றுநரின் மதிப்பீடும் வேண்டும். 17 வயதினர் பெரியவர்களோடு ஆட அனுமதி பெறலாம். முன்வரிசையில் நிற்க முடியாது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் சிறுவர் ரக்பியை வயதோடு எடையையும் பார்த்தே பிரிக்கிறார்கள். இங்கிலாந்தின் கால்பந்துப் பயிற்சியகங்கள் சுமார் பத்தாண்டுகளாக, பிறந்த தேதிக்குப் பதிலாக உடல் முதிர்ச்சியைக் கொண்டு அணி பிரிக்கும் முறையையும் சோதித்துவருகின்றன.

ரக்பி நமக்கு அந்நியம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. 2007-இல் லண்டனில் நடந்த 14 வயதுக்கு உட்பட்ட பள்ளி அணிகளுக்கான பன்னாட்டுப் போட்டியில், ஒடிசாவின் பழங்குடி மாணவர்கள் இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்க அணியை வென்று கோப்பையைக் கொண்டுவந்தார்கள். மலைப்பிள்ளைகளின் கால்வலிமைக்கு யாரும் சான்று தர வேண்டியதில்லை. நம் பக்கத்தில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது கபடி. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் சுற்றுவட்டாரத்தில் திருவிழாக் காலத்துச் சுவரொட்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: போட்டி இத்தனை கிலோ எடைப் பிரிவுக்கு என்றே அச்சிட்டிருப்பார்கள். ஆட்டக்காரரைத் தராசில் ஏற்றிப் பார்த்துத்தான் களத்தில் விடுவார்கள். தேசியக் கபடிக் கூட்டமைப்பும் இளையோர் பிரிவுகளில் வயதோடு எடை வரம்பும் வைத்திருக்கிறது. ஆக்லாந்து கண்டறிந்ததை நம் ஊர் இளைஞர் மன்றங்கள் தாமாகவே கண்டறிந்திருக்கின்றன. ஆனால், எடை வரம்பும் கூரையாகத்தான் இருக்கிறது. கனமானவரை வெளியே நிறுத்தும் தராசு, மெலிந்த பிள்ளையை நிறுத்துவதில்லை.

மெலிந்த பிள்ளை எப்படி அந்தக் களத்துக்கு வருகிறது? இதன் காரணம் எளிய எண்ணிக்கைக் கணக்கு. போட்டிகள் குறுவட்ட அளவில் பள்ளிக்கு ஓர் அணி என்ற முறையில் தொடங்குகின்றன. ஆயிரம் மாணவர் படிக்கும் நகரப் பள்ளிக்கு 12 பேர் கொண்ட அணி சேர்ப்பது ஒரு பிற்பகல் வேலை. மலையில் உள்ள சிறு உண்டு உறைவிடப் பள்ளியில் மேல் வகுப்பு மாணவர் சிலரே இருக்கும்போது, அணி நிறைய வேண்டுமானால் ஏழாம் வகுப்பிலிருந்து இருவரை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் பள்ளியே போட்டியில் இல்லை. எடுத்தால் அந்த இருவருக்கும் அடிபடும். உடற்கல்வி ஆசிரியரின் மனச்சாட்சியிடம் இந்தத் தேர்வை விட்டுவிட்டு விதி ஒதுங்கிக்கொள்கிறது.

அடுத்து, வயதை அறியும் முறை. ஆவணத்தில் ஐயம் எழுந்தால் மணிக்கட்டை ஊடுகதிர்ப் படம் எடுத்து எலும்பு வயதைக் கணிப்பது வழக்கம். டேனர்-வைட்ஹவுஸ் முறை எனப்படும் அந்தக் கணிப்பு பெரும்பாலும் மேலை நாட்டுப் பிள்ளைகளின் வளர்ச்சியை அடிப்படையாகக் கொண்டது. ஒத்த வயதுள்ள நலமான பிள்ளைகளிடையேகூட எலும்பு வயது ஓராண்டு முன்பின்னாக இருப்பது இயல்பு. பதின்மூன்றரை வயதுப் பிள்ளைக்கு 14-ஐத் தாண்டிய எலும்பு இருக்கலாம். ஊட்டக் குறைவில் வளர்ந்த 15 வயதுப் பிள்ளைக்கு 14-ஐ எட்டாத எலும்பும் இருக்கலாம். குற்றமற்றவரைத் தண்டிப்பது ஒருவகைப் பிழை. குற்றவாளியை விட்டுவிடுவது இன்னொருவகைப் பிழை. இந்தச் சோதனையில் இரண்டுக்கும் இடமுண்டு.

சட்டம் இதை நன்கு அறியும். கதிர்ப்படச் சோதனையில் இருபுறமும் இரண்டாண்டு வரை பிழை வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே குறிப்பிட்டது. இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 94-ஆவது பிரிவு பள்ளிச் சான்றையும் பிறப்புச் சான்றையும் முதலில் பார்க்கச் சொல்கிறது. அவை இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட சிறுவனுக்கே இவ்வளவு எச்சரிக்கை காட்டும் நாம், கபடி ஆட வந்த சிறுவனுக்கு அதைவிடக் குறைவாகக் காட்டுவது முறையா?

பேட்மிண்டன் வீரர் லக்‌ஷயா சென் மீது பிறந்த தேதியை மாற்றியதாகத் தொடரப்பட்ட குற்ற வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது. உலக சாம்பியன் போட்டியில் பதக்கம் வென்ற வீரருக்கே தில்லி வரை செல்ல வேண்டியிருந்தது. வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஒரு குக்கிராமத்து மாணவிக்கு இரண்டாண்டுத் தடை விதிக்கப்பட்டால் அவள் எங்கே முறையிடுவாள்? 15 வயதில் இரண்டாண்டு என்பது ஏறத்தாழ முழு விளையாட்டு வாழ்க்கை.

கருணை காட்டினால் மோசடி பெருகும் என்பார்கள். பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் அந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. பதக்கம் கல்லூரி இடமாகிறது. தமிழ்நாட்டில் 3 சதவீத ஒதுக்கீட்டின் வழியே அரசு வேலையுமாகிறது. பரிசு இவ்வளவு பெரிதாக இருக்கும்போது பொய் சொல்லும் ஆசையும் பெரிதாகவே இருக்கும். ஆனால், ஊக்கம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தண்டனையும் விழ வேண்டும். ஆறு வயதில் தன் பெயருக்கு எதிரே எந்தத் தேதி எழுதப்பட்டது என்பது பிள்ளைக்குத் தெரியாது. பின்னாளில் ஆதாயத்துக்காக அதைத் திருத்தியவர் இருந்தால் அவர் பயிற்றுநராகவோ பெற்றோராகவோ முகவராகவோ இருப்பார். சேர்க்கை நாளில் எழுதப்பட்டு மாறாமல் இருக்கும் தேதியையும், தேர்வுப் போட்டிக்குச் சில மாதங்களுக்கு முன் திருத்தப்பட்ட தேதியையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. முன்னது அறியாமை, பின்னது மோசடி. பதிவேட்டைப் புரட்டினாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

இந்தச் சிக்கல் நிரந்தரமானதன்று என்பது ஆறுதல். தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலான பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2023 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டப்படி, அதற்குப் பின் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதற்கொண்டு பிறப்புச் சான்றிதழே ஆதாரம். இப்போது பள்ளிக் களங்களில் ஆடிக்கொண்டிருக்கும் தலைமுறைதான் இடையில் மாட்டிக்கொண்டது. ஆகவே தேவைப்படுவது ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கான இடைக்கால ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டில் நான்கு கூறுகள் இருக்கலாம். ஒன்று, மோதல் ஆட்டங்களில் குறுவட்ட நிலையிலிருந்தே வயதோடு எடையையும் பார்த்து, மேல் வரம்பைப் போலக் கீழ் வரம்பும் வைப்பது. இதற்குத் தேவை ஒரு தராசு மட்டுமே. இரண்டு, ஒரு பிரிவு மேலே ஆட வேண்டியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் பரிசோதனையும், படித்துக் காட்டிப் பெற்ற பெற்றோர் ஒப்புதலும் கட்டாயம்; இரண்டு பிரிவு மேலே ஆடுவது எக்காரணத்தாலும் கூடாது. மூன்று, மலைப்பள்ளிகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே அணியாகக் களமிறங்க அனுமதிப்பது. சிறுபிள்ளைகளை இழுத்து அணியை நிரப்பும் கட்டாயம் இதனாலேயே பெருமளவு நீங்கும். நான்கு, ஓராண்டுக்கு மேல் தாமதமான பிறப்புப் பதிவுக்கு மலையிலிருந்து கோட்ட அலுவலகத்துக்கு அலைய வைக்காமல், பள்ளியிலேயே முகாம் நடத்தித் தேதிகளைச் சரிசெய்வது. அப்படிச் சரிசெய்தவர் மீது நடவடிக்கை இல்லை என்று எழுத்தில் உறுதி தருவது.

இவற்றில் எதற்கும் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. முதல் மூன்றுக்கும் மாவட்ட, மாநில அளவிலான சுற்றறிக்கைகளே போதும். நான்காவதற்கு வருவாய்த் துறையும் பழங்குடியினர் நலத் துறையும் ஒருநாள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அடுத்த கல்வியாண்டின் குறுவட்டப் போட்டிகளுக்கு முன் அது நடந்தால், தன் எடைக்குரிய எதிரணியோடு ஆடும் வாய்ப்பு மலைப்பிள்ளைகளுக்குக் கிடைக்கும். வெல்வதும் தோற்பதும் அதன் பிறகு அவர்கள் பாடு.