வலி தணிந்த பின்னும் தொடரும் நோய்

இரத்தத்தில் யூரிக் அமிலம் அளவுக்கு மிஞ்சி, அதன் உப்புப் படிகங்கள் மூட்டுகளில் தங்குவதால் உண்டாகும் மூட்டுவாதமே கவுட். பெரும்பாலும் இரவு நேரத்தில், காலின் பெருவிரல் மூட்டில் அது முதன்முதலாகத் தாக்கும். மெல்லிய போர்வை படுவதைக்கூடப் பொறுக்க இயலாது. ஓரிரு வாரங்களில் வலி தணிந்துவிடும். நோயாளி மீண்டும் இயல்பாக நடப்பதைக் கண்டு, நோயும் போய்விட்டதென நாம் எண்ணிவிடுகிறோம்.

உண்மையில் இழப்பு அங்கே முடிவதில்லை. அடுத்த தாக்குதல் எப்போது வருமோ என்ற அச்சம் பயணத்தைத் தள்ளிப்போடச் செய்கிறது. உறவினர் வீட்டுத் திருமணத்தைத் தவிர்க்கச் செய்கிறது. நாட்கூலி பெறும் ஓட்டுநருக்கு, பிரேக்கை மிதிக்க இயலாத ஒரு வாரம் என்பது வருமானமற்ற ஒரு வாரம். மருத்துவமனையில் தங்கினால் மட்டுமே பணம் தரும் காப்பீட்டுத் திட்டங்களில் இந்த இழப்புக்கு இடமே இல்லை.

வலியோடு அவமானமும் சேர்கிறது. "வாயைக் கட்டியிருந்தால் வந்திருக்குமா?" என்று எளிதாகக் கேட்டுவிடுகிறோம். இறைச்சி, மது, சர்க்கரை மிகுந்த பானங்கள் ஆகியவற்றுக்கு இந்நோயில் பங்குண்டு என்பது மெய்தான். ஆயினும் பெரும்பாலோரிடம் முதன்மைக் காரணம், சிறுநீரகம் யூரிக் அமிலத்தைப் போதிய அளவு வெளியேற்றாமையே. மரபுக்கும் அதில் பங்குண்டு. பழிச்சொல்லுக்கு அஞ்சி மருத்துவரைத் தவிர்ப்பவர், கடையில் தாமாக வாங்கும் வலி மாத்திரைகளால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்ள நேரிடுகிறது.

கவுட் கட்டுப்படுத்தக்கூடிய நோய் என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மருந்து 1960களிலிருந்தே பயன்பாட்டில் உள்ளது. அதன் உருவாக்கத்தில் பங்கேற்ற கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகியோர் 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இந்தியாவின் அத்தியாவசிய மருந்துகள் தேசியப் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது. மருத்துவரின் மேற்பார்வையில் அளவைப் படிப்படியாக உயர்த்தி, யூரிக் அமிலத்தை டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே நிலைநிறுத்தினால் படிகங்கள் மெல்லக் கரைகின்றன. தொடக்க மாதங்களில் தாக்குதல் மீண்டும் வரக்கூடும். பலரும் மருந்தைக் கைவிடுவது அப்போதுதான். சில தவணைகளைக் கட்டியதும் கடன் தீர்ந்ததென எவரும் கருதுவதில்லை. வலி நின்றதும் சிகிச்சையை நிறுத்துவதும் அத்தகையதே.

நோயாளி மருந்தைத் தொடரட்டும். குடும்பத்தினர் பழிச்சொல்லை விடுத்து, குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனைக்கு அவரை அழைத்துச் செல்லட்டும். நிறுவனங்கள் இவ்வலியைச் சாக்குப்போக்கெனக் கருதாமல் விடுப்பு வழங்கட்டும். காப்பீட்டு நிறுவனங்கள் புறநோயாளிச் செலவையும் கணக்கில் கொள்ளட்டும். மருந்தைவிட அரிதாக இருப்பது நம் புரிதலே.